விற்பனைக்கு: சீனியின் குதிரையும் ஊரும்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்கள் தோட்டத்து முனியாண்டி மேல் சத்தியம். முனியாண்டி நின்ற இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். அதனாலென்ன, சத்தியத்துக்கு இடம்தான் முக்கியம். போன வாரம் அங்கே போய், நுரை ஓடிக்கொண்டிருந்த சிமெந்துத் தரையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன். கார் இல்லாமல் வந்ததற்காகக் கடைக்காரர் கோபித்துக்கொண்டார்.

என் மைத்துனன் சீனியின் விளையாட்டுப் பெட்டியை அவன் மகள் புஷ்பலதா விற்கப் போகிறாள்.

"மாமா, வாங்குறவங்க கேக்குறாங்க. கேம் எப்படி இருக்கும், என்ன குறைன்னு நாலு வரி எழுதிக் கொடுங்களேன். அப்பாகூட உக்காந்து பாத்தது நீங்கதானே" என்றாள்.

நாலு வரியில் அடங்கவில்லை.

முதலில் நிறைகள். குதிரை நன்றாக ஓடும். டிவிக்குள் தெரிவது ஒரு பெரிய தேசம், எங்கும் வேலி கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற மலை எதுவானாலும் ஏறலாம். எங்கள் சிம்பாங் பூலாய் மலைகளைப் போல் பாதியை வெட்டி லாரியில் ஏற்றியிருக்க மாட்டார்கள். வாள் உண்டு, மந்திரம் உண்டு, டிராகன் உண்டு. இரண்டு கால்களையும் இனிப்பு நீர் நோய்க்குக் கொடுத்துவிட்ட சீனி அங்கே ஓடினான், நீந்தினான், கோட்டைச் சுவரிலிருந்து வைக்கோலில் குதித்தான். குதிரைக்கு அவன் குரல் பழகியிருந்தது. சோபாவில் இருந்தபடி இவன் இருமினால் அது நின்று திரும்பிப் பார்க்கும். நம்பாதவர்கள் வாங்கிப் போய் இருமிப் பார்க்கலாம்.

அடுத்த நிறை, ஊர் மக்கள். கொல்லன், சத்திரக்காரி, கோழி மேய்க்கும் பெண் என்று எல்லோரும் பொழுது விடிந்தால் எழுந்து அவரவர் வேலைக்குப் போகிறார்கள். டிராகனைக் கொல்லச் சொல்லி ராஜா ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். சீனி போகவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவன் அவன். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். சீனி அந்த ஊரில் பெரட்டு எடுத்தான். தினமும் காலையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பான்.

அவர்களுடைய பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆகையால் தோட்டத்துப் பெயர்களையே வைத்தான். கொல்லன் தர்மேந்திரன், சத்திரக்காரி செல்லாயி, கோழிக்காரி தினேஸ்வரி. தோட்டத்தை மூடியபின் நிஜ தர்மேந்திரன் பாரிட் புந்தாருக்கும், நிஜ செல்லாயி சித்தியவானுக்கும் போய்விட்டார்கள். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. இவர்கள் பக்கத்தில் போய் நின்றாலே வணக்கம் சொல்வார்கள்.

"என் பேரு யாருக்குலா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே மச்சான். உங்களுக்கு எதுக்கு அங்க ஒரு ஆளு?" என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இனிக் குறைகள்.

ஒருவர்தான் விளையாட முடியும். என் மனைவி மங்களம், அதாவது சீனியின் அக்காள், காலமானபின் நான் அவன் வீட்டுக்கு வந்தேன். காலைத் தேநீரில் தொடங்கும் சண்டை மத்தியானச் சோறு வரை போகும். நல்ல நாட்கள். புஷ்பலதா இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தபின் அவன் "ம்" மட்டும்தான் சொன்னான்.

அடுத்த குறை, அங்கே யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். செத்தவர் திரும்புவதில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் வேன் வந்து சீனியை ஈப்போவுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும். வீட்டில் நான் மட்டும். முதலில் தினேஸ்வரியை வெட்டினேன். ஆற்றங்கரையில், முதுகுப் பக்கமாக. படம் வரைந்தவர்களைப் பாராட்ட வேண்டும், அவள் கூடை சரிவில் உருண்டு போவதுகூடத் தெரிந்தது. உடலை ஆற்றில் தள்ளிவிட்டுப் போய்ச் சோற்றை வடித்தேன்.

மறுநாள் பெரட்டில் ஓர் ஆள் குறைந்தது.

"மச்சான், தினேஸ்வரியக் காணோம்!"

பல மாதங்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினான். அன்று முழுக்கப் பேசினோம். பாலத்தடியில் பார், வைக்கோல் போரில் பார் என்று நான் சொல்ல, அவன் தேடினான். போனில் புஷ்பலதா சிரித்தாள். "அது கேம்ல உள்ள கோளாறுலா மாமா. டிராகன் வந்தா ஊர்ஜனங்க ஓடிப்போயி எதுத்து நின்னு செத்துருவாங்க. எல்லாருக்கும் இதேதான்." அவள் சொல்வதைச் சொல்லட்டும். செய்தவனுக்குத் தெரியாதா?

அடுத்து வேன் வந்தபோது தர்மேந்திரனை முடித்தேன். உலைக்களத்தில், அவன் சுத்தியலாலேயே.

சீனி வெகுநேரம் அந்த உலைக்கு முன்னால் நின்றான். பிறகு, "நான் வேன்ல ஏறுனா இங்க ஒரு ஆளு குறையுது. நான் பேரு வெச்சதுல செல்லாயி ஒருத்திதான் பாக்கி. இனிமே நான் போகலைலா" என்றான்.

நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேனில் ஏறியிருப்பான். ஏறியபின் திரும்பவும் "ம்" என்றுதான் இருப்பான். இதை நிதானமாக யோசித்தேன்.

வாசலில் ஹார்ன் கேட்டது. நான் போய், "மகளே கூட்டிட்டுப் போயிட்டா" என்றேன்.

"சரி அண்ணே, அடுத்த தடவை வாரேன்" என்று டிரைவர் கிளம்பிவிட்டார். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். டயாலிசிஸ் மையத்திலிருந்து போன் வந்தது. சித்தியவானில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார், அங்கேயே செய்துகொள்கிறார் என்றேன்.

புஷ்பலதா போனில் கேட்டாள். "அப்பா போயிட்டாங்களா மாமா?"

"போயிட்டாரு."

"நீங்க இருக்கீங்க, அதான் எனக்குக் கவலையே இல்ல."

அந்த நாட்களைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. "மச்சான், நீங்க வாசப்பக்கம் பாருங்க, நான் கிணத்தடி பாக்குறேன்" என்பான். டிவியின் இடது பாதி எனக்கு, வலது பாதி அவனுக்கு. செல்லாயி கிணற்றிலிருந்து சத்திரத்துக்குப் போவாள், சத்திரத்திலிருந்து கிணற்றுக்கு வருவாள். நாங்கள் பழைய மானேஜர் கதை பேசினோம், பொடி டப்பாவால் நான் புலியை விரட்டிய கதை பேசினோம். "அது புலி இல்ல, கருப்பு நாயி" என்று சண்டைக்கு வந்தான். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. முகம் வீங்கியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். காவல் இருப்பவனுக்குத் தேநீர் இல்லாமல் எப்படி? கேட்டபோதெல்லாம் கலக்கிக் கொடுத்தேன்.

"கொலைகாரன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் மச்சான்."

"கிடைப்பான். டீ ஆறுது, குடி."

ஒரு காலையில் பெரட்டு எடுக்கும்போது அவன் தலை சாய்ந்தது. கன்ட்ரோலர் மடியில் கிடந்தது. ஊருக்கு நடுவில் குதிரை அசையாமல் நின்றது. செல்லாயி கிணற்றடியில் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் சத்திரத்துக்குத் திரும்பும் வரை பார்த்துவிட்டு, பிறகு போன் செய்தேன்.

கருமாதியன்று புஷ்பலதா என் காலில் விழுந்து அழுதாள். கடைசி வரை அப்பாவைத் தனியாக விடவில்லையாம் நான். அதுவும் உண்மைதான்.

ஆகவே கொன்றது நான். அந்த ஊரில் செத்த இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன், அதனால்தான் சீனி வேனில் ஏறவில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை. செல்லாயி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். வாங்குகிறவர்கள் காலையில் ஒருமுறை போய் அவள் பக்கத்தில் நின்றால் நல்லது.

இன்னும் ஒன்று, பொருளின் நிலை பற்றிக் கட்டாயம் எழுதச் சொன்னாள் புஷ்பலதா. பெட்டியோடு கன்ட்ரோலர் ஒன்றுதான் உண்டு, அது இல்லாமல் எதையும் அசைக்க முடியாது. வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது என்று சீனி டயாலிசிஸுக்குப் போன ஒவ்வொரு முறையும் அதைத் தன் பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போனதால், ஓரங்கள் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.