பெரிய லேத்துக்கு ஆள் இல்லை

— சின்னதையே எடுத்துக்குங்க ராஜாமணி அண்ணா. சைனா மாடல். ஸ்பீடு எல்லாம் நம்பர்ல காட்டும். ரெண்டு பேரு தூக்கி டெம்போல வெச்சிடலாம்.

— தூக்கிக் கொஞ்சறதுக்கா மஞ்சுளா லேத்து வாங்குறேன்? வெயிட்டு இருந்தாதான் ஆடாம நிக்கும். இத்த பாரு, தட்டுனாலே குலுங்குது. உள்ள பிளாஸ்டிக் பல்லு வேற. அழுத்திக் கடைஞ்சா உதிர்ந்துடும்.

— நீங்க இன்னா கம்பெனியா நடத்தப் போறீங்க? ஞாயித்துக்கிழமை ஆனா அந்தப் பழைய புல்லட்டுக்கு ஒரு புஷ்ஷு கடைவீங்க. அதுக்கு இது தாராளம்.

— அந்தப் பெரிய ராஜ்கோட் லேத்த காட்டு.

— அதுவா? அது கெயவிண்ணா. போட்டா கத்துற கத்துல வல்லக்கோட்டை முருகனே எழுந்து வந்துடுவாரு.

— உன் வூட்டுக்காரன் அப்டி சொல்லலியே. "பெரிசுதாண்ணா தங்கம். நான் கம்பெனில பர்மனன்ட் ஆயிட்டேன், ஓட்ட ஆள் இல்லாம துருப்புடிக்குது, எடுத்துக்கினு போங்க"ன்னான் சக்திகுமாரு.

— அவருக்கு இன்னா தெரியும்? ஷெட்டுப் பக்கமே வர்றதில்ல. அதோ, டெம்போக்காரரு ஆரன் அடிக்கிறாரு. சின்னத்த ஏத்திடலாம்ணா.

— அடிக்கட்டும். ஸ்விட்சு இதானே? ...இன்னாம்மா, கெயவி கத்தவே இல்ல? கொழந்த தூங்குற மாதிரி கீது. இந்தா, மேல ஒரு ரூபா காச நிக்க வெக்கிறேன். பாரு, அசையல!

— ஆஃப் பண்ணிடுங்கண்ணா, போதும்.

— ஏன் பதறுற? இரு... கீழ இரும்புச் சுருள் கெடக்குது. துரு ஏறாம பளபளன்னு கீது. ஓட்ட ஆள் இல்லாத மெஷின்ல யாரு கடைஞ்சது?

— தள்ளுங்கண்ணா, பெருக்கிடறேன்.

— ஆளு எவனாவது வெச்சிருக்கியா?

— நான்தாண்ணா. அவரு ஷிப்டுக்குப் போனதும். தண்டலம் ஒர்க்‌ஷாப்புல பம்பு ஷாப்டு கடையத் தர்றாங்க.

— சக்திகுமாருக்குத் தெரியாதா?

— முந்தானைய இழுத்துக்கும், முடிய இழுத்துக்கும், பொம்பளைக்கு எதுக்குடின்னு ஒரு தபா கத்துனாரு. அதோட சொல்றதில்ல. கொண்டைய இறுக்கி முடிஞ்சிக்குவேன், அவரு பழைய சட்டைய மாட்டி கைய சுருட்டிக்குவேன். சின்னதுலயும் கடைஞ்சி பாத்துட்டேண்ணா. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஒல்லின்னு வருது. திருப்பி அனுப்பிட்டாங்க. பெரிசு போச்சின்னா எனக்கு வேலையே போச்சி.

— அடிப்பாவி! அந்தச் சின்னத்தத்தான் என் தலையில கட்டப் பாத்தியா?

— புல்லட்டு புஷ்ஷுக்குப் போதும்னு சொன்னது நெசம்ணா. சாமி சத்தியமா.

— சர்தான் வுடு. ...போனு அடிக்குது. அவன்தான், டீ பிரேக்கு வுட்டுட்டாங்க போல. அடி பெட்டு இரும்பு தேஞ்சி போச்சி, பெரிசு வேணாம்னு சொல்லிடறேன். நாளிக்கி வேற எவன் வந்தாலும் நீயும் அதையே சொல்லு.

— எத்தினி பேருகிட்டண்ணா அத்த நொள்ள சொல்லிக்கினே இருப்பேன்? வாய் கூசுது. போன இப்டி குடுங்க... ஏங்க, நான்தான். அண்ணன் சின்னத்த எடுத்துக்கறாரு. பெரிசு விக்கறதுக்கு இல்ல. ...யாரு ஓட்டுவாங்களா? ஷிப்டு முடிஞ்சி நேரா ஷெட்டுக்கு வாங்க, காட்டறேன்.