அக்காவுக்கு வாசித்துக் காட்டிய புத்தகங்கள்

இந்த மலையில் புத்தகம் வைத்திருப்பது பெரும்பாடு, இன்ஸ்பெக்டர். ஈரத்தில் தாள்கள் உப்பிவிடும், அட்டையில் பூஞ்சணம் ஏறும். வெயில் அடிக்கிற நாளில் எல்லாவற்றையும் வாசலில் பாய் விரித்துப் பரப்பி வைப்பேன். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் போகிறவர்கள், அப்பளம் காய்கிறதா என்று கேலி செய்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டீர்கள். வாசிக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் தமிழ்ப்பள்ளி ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு வாசகர் குழு உண்டு. மாதா மாதம், வாசித்த புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் குரல் பதிவு போடவேண்டும். மற்றவர்கள் கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. எந்த இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது, எந்த இடத்தில் எழுதியவர் அவசரப்பட்டார் என்று பார்த்துச் சொல்வேன். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பாராட்டி எழுதுவார்கள்.

இந்த இரண்டு வருஷத்தில் என்னை அதிகம் தொட்டது ஒரு நாவல். துறைமுக ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். வயது அறுபது. பிள்ளைகளை ஆளாக்கிய பிறகு, ஒருநாள் கடையைப் பூட்டிச் சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிடுகிறாள். வேறொரு கரையில் இறங்கி, அங்கே ஒரு சின்னக் கடை போடுகிறாள். கடைசிப் பக்கத்தில் முதல் வாடிக்கையாளருக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துவிட்டு வெளியே பார்க்கிறாள். அவ்வளவுதான். சந்தோஷமான முடிவு. எனக்கு அந்தத் தங்கையைப் பற்றிய கவலையே போகவில்லை. அவள் சாவியோடு நிற்கிறாள், அதற்குமேல் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை.

அக்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கேதான் வருகிறேன்.

வேலாயி என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா செத்தபோது எனக்கு மூன்று வயது. அம்மா கொழுந்து பறிக்கப் போனதால், அக்கா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கொஞ்சம் வளர்ந்ததும் அவளும் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினாள். என் பள்ளிக்கூடச் சட்டையும் நோட்டுப் புத்தகமும் அந்தக் கூடையிலிருந்து வந்தவைதான். எனக்கு எழுத்து தெரியவேண்டும் என்பதற்காக அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் எழுத்தும் மறந்து போனது. இதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அவள் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் அவள் வீட்டுக்கே குடிவந்தேன். தினமும் நாலு மணிக்கு, மலையிலிருந்து மூட்டம் இறங்கும் நேரத்தில், அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். கால்மேல் கம்பளியைப் போட்டுக்கொண்டு கேட்பாள். பிடித்த இடம் வந்தால், "ஏ சாரதா, அத இன்னொரு தடவ சொல்லு புள்ள" என்பாள்.

அவள் மகன் சசிதரன் ஜொகூர் பாருவில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வந்தபோது, "அம்மாவ என்கூடவே கூட்டிட்டுப் போயிடறேன் சின்னம்மா. அங்க வீடு பெரிசு. நீங்களும் அப்பப்ப வந்து தங்குங்களேன்" என்றான். நல்ல பையன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், கத்தியைக் கீழே வைக்கவேண்டியிருந்தது. இந்த வீட்டில் தனியாக நாலு மணி ஆவதை நினைத்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை.

அந்த வாரம்தான் நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தோம். கப்பல் ஏறுகிற இடம் வரைக்கும் அச்சில் இருப்பதை வாசித்தேன். அதற்குப் பிறகு குரலை மாற்றாமல், வாசிப்பதை நிறுத்தாமல், அவளைக் கடலில் இறக்கினேன். புயல் வருகிறது. கப்பலிலிருந்து படகுக்கு மாறுகிறார்கள். படகு கவிழ்கிறது. தண்ணீருக்குள் அவள் தங்கையைக் கூப்பிடுகிறாள். பக்கத்தைச் சரியான நேரத்தில் திருப்பவும் செய்தேன்.

அக்கா கம்பளியை மார்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "வீட்டோட கெடந்திருக்கலாம் அவ" என்றாள்.

இது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியவர் விட்டுவிட்ட ஒரு சாத்தியத்தை நான் எடுத்துக்கொண்டேன். நல்ல வாசகர் எல்லோரும் மனதுக்குள் செய்வதுதான்.

அதன்பிறகு வாசித்தவற்றை வரிசையாக நினைவில்லை. ஒரு பயணக் கட்டுரைத் தொகுப்பு, ரயில்களைப் பற்றியது. அழகான நடை. அக்காவுக்கு அதில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கிழவியின் காதை அறுத்துத் தோட்டைப் பிடுங்கினார்கள். மகன் வீட்டுக்குப் போன தாய்மார்களைப் பற்றி நிறைய வாசித்தேன். பூட்டிய அறை, பட்டினி. பேப்பரும் வாசித்தேன். எந்தச் செய்தியானாலும் அது ஜொகூர் பாருவில்தான் நடந்தது.

அவளுக்குப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதலில் ரிங்லெட்டுக்குச் சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கோயிலுக்கு. கதவுக்குப் பின்னால் அரிசி டின்னை நகர்த்தி வைக்க ஆரம்பித்தாள், பட்டப்பகலில். காய்கறி லோரி ஹாரன் அடித்தால் கையிலிருக்கும் தேநீரைச் சிந்திக்கொள்வாள். கை புண்ணாகியும் மறைத்தாள். யாராவது தட்டினால் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "போகச் சொல்லு, போகச் சொல்லு" என்று முணுமுணுப்பாள். அவள் மூச்சு என் கழுத்தில் படும். மலைச்சரிவில் பாம்பைக் கையால் எடுத்து வீசியவள் அவள். இப்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். சசி போன் செய்தால், "நான் வரலப்பா, என்னை விட்டுடு" என்று அழுவாள். அவன் ஒன்றும் புரியாமல் என்னிடம் கேட்பான். வயசாகிவிட்டது தம்பி என்பேன்.

நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், இன்ஸ்பெக்டர். அதையும் சொல்லவேண்டும்.

கண்ணைப் பற்றி ரிப்போர்ட்டில் இருக்கும். ஆமாம், புரைதான். இரண்டு கண்ணிலும். பயம் முற்றுவதற்கு முன்பே தானா ராத்தா ஆஸ்பத்திரியில் காட்டினோம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்கள். அங்கிருந்து கடிதம் வந்தது. மலாய்க் கடிதம். ஆபரேஷனுக்குத் தேதி, எத்தனை மணிக்கு வரவேண்டும், முந்தின இரவு சாப்பிடக்கூடாது, இவ்வளவுதான் அதில் இருந்தது. அக்கா கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். சர்க்கரை இருக்கிறது, கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போகும், வரவேண்டாம்.

அக்கா, "சரி, நீதான் இருக்கியே" என்றாள்.

ஒரு வருஷத்தில் அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தன.

எங்களுக்குக் கீழே, அடுத்த லயத்தில் மோகனா இருக்கிறாள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நல்ல மாதிரி, கொஞ்சம் வாய் அதிகம். எங்கள் குழுவில் அவளையும் நான்தான் சேர்த்துவிட்டேன். போன மாதம் எனக்குப் பல் வலி. தானா ராத்தாவுக்குப் போகும்போது மோகனாவை அக்காவோடு இருக்கச் சொன்னேன். பொழுது போகவில்லை போலிருக்கிறது. போனை எடுத்து, "உங்க தங்கச்சி எவ்ளோ அழகா பேசுறாங்க, கேளுங்கலா வேலாயிக்கா" என்று என் பழைய பதிவு ஒன்றைப் போட்டிருக்கிறாள்.

அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரியின் கதை. என் குரலில். கரையில் இறங்கி, புதுக் கடை போட்டு, முதல் தேநீர் ஆற்றுகிறவரைக்கும்.

நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா எப்போதும்போல் உட்கார்ந்திருந்தாள். "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நாலு நாள் கழித்து, "அந்தக் கப்பல் கதை, கடைசிய இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன்.

"போன தடவ படகு கவுந்துச்சு. இப்ப அவளே குதிக்கிறா" என்றாள் அக்கா.

"நீ சரியாக் கேட்டிருக்க மாட்டக்கா."

"இருக்கும்" என்றாள்.

அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அக்கா என்னைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். நான் சமைத்ததைச் சாப்பிடாமல் பிஸ்கட்டை நனைத்துத் தின்றாள். நான் ஒரு அறைக்குள் போனால், அவள் பேச்சு நின்றுவிடும், மூச்சு மட்டும் கேட்கும். வாசலைப் பார்த்து நடுங்கிய அதே நடுக்கம் என் பக்கம் திரும்பியிருந்தது. வேறு யாரையும் பார்த்து அவள் பயந்தபோது எனக்குப் பொறுக்க முடிந்தது. என்னைப் பார்த்துப் பயந்தால் நான் எங்கே போவது? அவள் தலையணைக்கு அடியில் துழாவினேன். எப்போதும் அங்கே வைத்திருக்கும் ஈப்போ கடிதத்தைக் காணவில்லை. மோகனாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

மோகனாவின் போனிலிருந்து அக்கா சசிக்குப் பேசியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கீழே ரோட்டில் காரோடு நிற்பதாக அவன் சொல்லியிருக்கிறான். வியாழக்கிழமை நான் துணி காயப்போடும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசிக்கொண்டது கேட்டது. "ஏழு மணிக்கு நான் வந்து கைய புடிச்சு கூட்டிட்டுப் போறேன். பயப்படாதீங்க" என்றாள் மோகனா. அக்கா, "அதுவரைக்கும் அவகூட இருக்கணுமா" என்றாள்.

என் காதில் விழுந்தது அதுதான். அவகூட. பேரைக்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா ஏழு மணிவரை காத்திருக்கவில்லை. ஆறரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். நான் விழித்துத்தான் இருந்தேன். வெளியே நல்ல மூட்டம். அவள் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் பின்னால் போனேன். நான் செருப்புப் போடவில்லை.

பாதையை நீங்களே பார்த்தீர்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் பழைய பாதை. அக்கா நாற்பது வருஷம் கூடையோடு நடந்தது. போன நவம்பர் மழையில் அது பாதியில் சரிந்து போனது. அதற்குப் பிறகுதான் வலது பக்கம் புதுப் படிகள் வெட்டினார்கள். பிரிகிற இடத்தில் அக்கா நின்றாள். சரிவைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள், எந்தப் பக்கம் என்று தெரியாது. அப்போது அவள் வெளியே வருவதே இல்லை. காலால் தரையைத் தடவிப் பார்த்தாள். என் காலடி கேட்டிருக்கவேண்டும். உடம்பெல்லாம் சுருங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "யாரு?" என்றாள். அப்புறம் மெதுவாக, "மோகனாவா?" என்றாள்.

மோகனா உங்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியும். கீழேயிருந்து படி ஏறி வந்துகொண்டிருந்தாளாம். மூட்டத்துக்குள் மேலேயிருந்து தன் குரலே தனக்குக் கேட்டதாம். தான் வாயைத் திறக்காதபோது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாளாம். அவள் பொய் சொல்லவில்லை. கதை வாசிப்பவர்களுக்கு ஆளுக்கொரு குரல் வைக்கத் தெரியும். மோகனா குரல் கொஞ்சம் மூக்கால் வரும், கடைசிச் சொல்லில் ஒரு 'லா' போட்டு இழுப்பாள்.

"ஆமா வேலாயிக்கா, நான்தான். இடது பக்கம் வாங்கலா" என்றேன்.

தற்செயலாக வாயில் வந்துவிட்டது என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன். சரிவுக்கு முன்னால் பலகையும் மஞ்சள் கயிறும் இருந்தனவே, கண் தெரியாதவள் அதில் முட்டி நின்றிருப்பாளே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வியாழக்கிழமை சாயங்காலம், துணியை மடித்து வைத்த பிறகு, நான் போய் அதை அவிழ்த்துவிட்டேன். பலகையை எடுத்துச் செடிகளுக்குள் போட்டேன். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. நகம் உடைந்தது, இதோ பாருங்கள். வேறு யாரும் உதவவில்லை.

சசியை நான் பார்க்கவேண்டும் என்பதில்லை. அவன் வரமாட்டான் என்றீர்கள், சரி.

வாக்குமூலத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது, திருத்திவிட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வரியை மட்டும் மாற்றவேண்டும். இறந்தவர் பயத்தில் கால் தவறி விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையில்லை, இன்ஸ்பெக்டர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவின் தோள் இறங்கியது. "நல்லவேளை, அவதான் வந்துட்டாளோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நேராக நடந்தாள். கொஞ்சமும் தயங்கவில்லை. இரண்டு வருஷமாக அவளை ஆட்டிவைத்த பயத்தை நான்தான் போக்கினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.