சாடு என்றால்

உங்கள் மதுரைப் பக்கத்தில் காப்பிக்குக் கருப்பட்டி போடமாட்டார்கள் போலிருக்கிறது. முதல் மடக்கில் முகத்தைச் சுளித்தீர்களே, பார்த்தேன். கொஞ்ச நாளில் பழகிவிடும் இன்ஸ்பெக்டர் ஐயா. நானும் பல சங்கதிகளைச் சிரமப்பட்டுப் பழகிக்கொண்டவன்தான்.

என் பெயர் கணபதியப்பன், கொட்டாரத்துக்காரன், வயல் உள்ள சைவக் குடும்பம், குளச்சலில் தேங்காய்நார்க் கிட்டங்கி ஒன்றில் கணக்கப்பிள்ளை. இதெல்லாம் போன தடவையே எழுதிக்கொண்டீர்கள். இன்று நானாக வந்தது வேறு காரியத்துக்கு. ததேயுஸ் செத்த விஷயத்தில் நீங்கள் ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள். அதனால் ஒரு பாவமும் அறியாத வெள்ளைக்காரர் மாட்டிக்கொண்டு நிற்கிறார். அவருடைய பாய்ப்படகும் நங்கூரத்தில் கிடந்து ஆடுகிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கிறுக்கன் என்று நினைத்துவிடுவீர்கள்.

எனக்குக் கடலில் போக வேண்டும். மீன் பிடிக்க அல்ல. கரை மறைந்து, பிறகு வேறொரு தேசத்தின் கரை தெரிகிற வரைக்கும் போக வேண்டும். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷத்திலிருந்து இதற்காக அலைகிறேன். தூத்துக்குடியில் கொழும்புத் தோணி ஒன்றின் தலைவரிடம் போய் நின்றேன். தண்டல் என்பார்கள் அவரை. என் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "பேனா புடிக்கிற கைக்கு இங்க என்ன சோலி?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கொச்சியில் கப்பல் ஆபீசில், தகப்பன் கப்பல்காரனா, மாமன் கப்பல்காரனா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றதும் ஜன்னலைச் சாத்தினார்கள். கோழிக்கோட்டுக்கு அப்பால் ஓர் அரபி மரக்கலத்தில் சமையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஓடினேன். மீன் அறுக்கத் தெரியுமா என்றார்கள். தெரியாது. தின்னவாவது தெரியுமா என்றார்கள். அதுவும் தெரியாது. நான் ரயிலேறித் திரும்பி வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

திரும்பி வந்த கையோடு மீன் தின்னப் பழகினேன். கடியப்பட்டணத்தில், ததேயுஸ் வீட்டில். எங்கள் கிட்டங்கிச் சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுபோகிற வள்ளக்காரன் அவன். அவன் பெண்டாட்டி இசபெல் சாளை வறுத்து வைத்தாள். ஒரு வாய்தான், ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். "கணக்கப்பிள்ளைக்கு முள்ளில்லாத மீனாட்டு பாத்து வையிட்டி" என்று அவளிடம் சொல்லிவிட்டு ததேயுஸ் என் முதுகைத் தடவிவிட்டான். நல்ல மனுஷன். அவனைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் என் மனைவி தாணம்மாளுக்கு வாடை தெரிந்துவிட்டது. "கடலுல போயி என்னத்த வாரப்போறியோ? வயலு கெடக்கு, சோறு கெடக்கு" என்றாள். அதற்குப் பிறகு என்னை அடுக்களைக்குள் விடவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு விஷயத்துக்காக இவ்வளவு விட்டவனுக்கு அந்த விஷயம் கிடைக்க வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

அப்போதுதான் நான் சொன்ன அந்த வெள்ளைக்காரத் துரை வந்தார். இரண்டு பேர் ஓட்ட வேண்டிய படகைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். கூட வந்தவனுக்கு மஞ்சள்காமாலை கண்டு கொழும்பில் இறக்கிவிட்டாராம். எகிப்துக் கால்வாய் அடைபட்டுக் கிடப்பதால் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் சீமைக்குப் போக வேண்டும். கயிறு வாங்கக் கிட்டங்கிக்கு வந்தவர், கூட வர ஓர் ஆள் கிடைப்பானா என்று என்னிடம் கேட்டார். நான் ஊர் ஊராகத் தேடி அலைந்தது தானாக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. நானே வருகிறேன் என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கினார். நாளைக்குப் படகை ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

மறுநாள் ததேயுஸின் வள்ளத்தில்தான் படகுக்குப் போனேன். அது என் தப்பு. வேறு எவன் வள்ளத்திலாவது போயிருந்தால் அவன் இன்று உயிரோடு இருப்பான்.

முட்டம் வரைக்கும் ஓட்டினோம். பாயில் காற்று ஏறிப் படகு சாய்ந்ததும் எனக்குத் தலை சுற்றியது. குடல் வெளியே வந்துவிடும் போல ஓக்காளம். கையில் இருந்த கயிறு நழுவியது. ததேயுஸ் சும்மா வேடிக்கை பார்க்க ஏறியவன். அவன் அந்தக் கயிற்றை எட்டிப் பிடித்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது என் கைக்குத் திரும்பி வரவில்லை. சிரித்தான், பாடினான், துரை கொடுத்த டின் இறைச்சியை ருசித்துத் தின்றான். திரும்பி வந்து நங்கூரம் போட்டதும் பாய்மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கடலில் விழுந்து நீந்தி வந்தான். துரை சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

அன்றைக்கே துரை அவனிடம் விசாரிக்க ஆரம்பித்தார். நடுவில் மொழிபெயர்க்க நான். இதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு வருமா? ரொம்ப நாள் வீட்டை விட்டு இருப்பானா என்று கேட்டார். "ஓ, இருக்கலாம். இசபெல்லுகிட்ட ஒரு வாக்கு செல்லணும்" என்றான். பெண்டாட்டி விடமாட்டாள் என்கிறான் என்று நான் துரையிடம் சொன்னேன். அவளிடம் நானே வந்து பேசுகிறேன் என்றார் அவர். குடிப்பானா என்று கேட்டார். "கோயில் திருநாளுக்கு மட்டும்" என்றான் ததேயுஸ். தினமும் குடிப்பேன் என்கிறான் என்றேன். நல்லதாகப் போயிற்று, எனக்கும் துணைக்கு ஆள் வேண்டும் என்று சிரித்தார். இப்படிப்பட்டவரிடம் என்ன செய்ய முடியும்?

மறுநாளும் ஓட்டினோம். மறுநாளும் எனக்கு வாந்தி. ததேயுஸ் பழையபடி உச்சியிலிருந்து கடலில் விழுந்தான். சாயங்காலம் துரை என் தோளில் கைவைத்து, நீ நல்லவன், ஆனால் ததேயுஸ்தான் வருகிறான் என்றார். அதையும் அவனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னையா?" என்றான். "எனக்கு என்னத்துக்கு அது? செரி, போயிட்டுத்தான் வருவோமே. ஒமக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே, கணக்கப்பிள்ள?"

இல்லை என்றேன். அந்த 'என்னத்துக்கு' என்ற பேச்சை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை ஐயா. அவன் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். நான் வயிற்றெரிச்சல்காரன் இல்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஏசுஅடிமை, அதாவது இசபெல்லின் தம்பி, அன்று பக்கத்தில் வள்ளத்தில் இருந்தவன், உங்களிடம் சொன்னது இது: "கணக்கப்பிள்ள சாடச் சொன்னாரு. அவன் சாடினான், செத்தான்." நீங்கள் மதுரைக்காரர். சாடுவது என்றால் உங்களுக்குத் தாக்குவது, ஏசுவது. நான் தூண்டிவிட்டு ததேயுஸ் துரையோடு மல்லுக்கு நின்றான், அந்தக் கைகலப்பில் துரை அவனைத் தள்ளிவிட்டார் என்று முடிவுகட்டினீர்கள். அவனாகத்தான் குதித்தான் என்று துரை சொன்னதை நம்பவில்லை. பாய்மரத்து உச்சியிலிருந்து எவனாவது குதிப்பானா என்று கேட்டீர்கள். எனக்கு, இனிமேல் வாயை அடக்கி வை என்று புத்தி சொல்லி அனுப்பினீர்கள். இந்த மாவட்டம் உங்கள் ராஜ்யத்தோடு சேர்ந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. பழைய திருவனந்தபுரத்து இன்ஸ்பெக்டராக இருந்தால் கேட்ட மாத்திரத்தில் புரிந்திருக்கும்.

இங்கே சாடு என்றால் குதி.

அவன் செத்த அன்று காலையில் படகின் பெரிய பாயைக் காயப்போட்டிருந்தோம். அது படகின் ஒரு பக்கத்தை முழுக்க மறைத்துத் தொங்கியது. ததேயுஸ் வழக்கமாகக் குதிக்கிற பக்கம் அது. கரைக்குப் போய்வர துரை ஒரு குட்டித் தோணி வைத்திருந்தார். அதை அவிழ்த்து அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டியது நான். சின்ன நங்கூரத்தின் சேற்றைக் கழுவி, கொக்கி மேலே பார்க்க அதற்குள் நிமிர்த்தி வைத்ததும் நான்தான். ஈரம் வடியட்டும் என்று. மேலேயிருந்து பார்க்கிறவனுக்குப் பாய்தான் தெரியும், தோணி தெரியாது. ஏசுஅடிமையின் வள்ளம் மறுபக்கம் கிடந்தது.

ததேயுஸ் உச்சியில் கயிறு மாட்டிவிட்டு, "சாடட்டா?" என்று கேட்டான். அது அவன் வழக்கம், கீழே நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வான். அந்த நேரம் பார்த்து துரை அறையிலிருந்து வெளியே வந்தார். தோணியைக் கண்டுவிட்டார். குதிக்காதே, குதிக்காதே என்று இங்கிலீஷில் கத்தினார். இரண்டு கையையும் ஆட்டினார்.

ததேயுஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். "தொர என்ன செல்லுதாரு, கணக்கப்பிள்ள?"

"சாடுலேன்னு செல்லுதாரு" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாடினான்.

உடனே போய்விடவில்லை. தோணியில் இறங்கி அவன் தலையை நான்தான் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். நங்கூரத்தைக் கண்ணால் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "தொர அப்பிடியா சொன்னாரு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சாகப் போகிறவனை எதற்குக் குழப்ப வேண்டும்? துரை அழுதுகொண்டே அவன் காலைப் பிடித்தார். ததேயுஸ் காலை இழுத்துக்கொண்டான். அது எனக்கே சங்கடமாக இருந்தது.

அடக்கத்துக்குக் கடியப்பட்டணம் போனேன். இசபெல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடேசி மூச்சு வர எனக்க மாப்பிளைக்கக் கூட இருந்தீரே, கணக்கப்பிள்ள. ஒம்ம கர்த்தரு காப்பாத்துவாரு" என்று அழுதாள். அன்றைக்கும் எனக்கு ஒரு வாய்ச் சோறு வைத்துத்தான் அனுப்பினாள். சாப்பிட்டேன். இப்போதெல்லாம் மீன் எனக்கு ஒன்றும் செய்வதில்லை.

ஆக, துரை யாரையும் தள்ளவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. சாடச் சொன்னது நான். சாவான் என்று தெரிந்துதான் சொன்னேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் மாற்றிப் பேசமாட்டேன். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. வாடைக்காற்று நின்றுவிட்டால் இந்தப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பாய் விரிக்க முடியாது. துரையை இன்றே விட்டீர்களானால் நாளைக் காலையில் நங்கூரம் எடுத்துவிடலாம்.

நேற்று ஸ்டேஷன் வாசலில் அவரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். இங்கிலீஷ்காரர்கள் துக்கத்தை அப்படித்தான் காட்டுவார்கள். கடலுக்குள் போய்விட்டால் சரியாகிவிடும். ததேயுஸுக்கென்று ஒதுக்கிய படுக்கை இப்போது காலியாகத்தான் கிடக்கிறது, என் துணிப்பையைக்கூடக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும், சொல்லுங்கள் ஐயா. ஆள் இல்லாமல் அவர் அங்கே காத்துக்கொண்டிருப்பார்.