அழுக்குன்னு சொன்ன பாசி

ஐயோ, இல்லக்கா, நான் அந்த டாக்டர் இல்ல. உங்க முழங்காலுக்கு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது. டிரைவர் டாக்டரம்மான்னு கூப்பிட்டத வச்சு நெனச்சுட்டீங்க. நான் பாசி டாக்டர். ஆமா, பாசிதான். தண்ணியில, பாறையில பச்சையா படியுமே, அதே. சிரிங்க, பரவால்ல. எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் சிரிச்சுட்டுதான் இருந்தார்.

கால நீட்டிக்கோங்க. ரேசன்லேந்து ஓஹ்ரித்துக்கு மலை ஏறி எறங்கணும். இந்த பஸ் போற லட்சணத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

பாசியில என்ன ஆராய்ச்சியா? நாப்பது வருஷமா இதத்தான் கேக்குறாங்க. மந்திரி ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டான், இதுல சோப்பு செய்யலாமா, மாட்டுக்குத் தீவனம் போடலாமா, ரெண்டும் முடியாதுன்னா எதுக்கும்மான்னு. அவனுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துச்சு.

வெளிய பாருங்க. ஆப்பிள் மரம், புல்லு, அந்த வீட்டுக் கொல்லையில முட்டக்கோஸ், எல்லாம் ஒரே வம்சம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி தரையில செடின்னு எதுவுமே கெடையாது. தண்ணியில இருந்த ஏதோ ஒரு பாசி கரையேறுச்சு. வெயில்ல காய்ஞ்சு சாகாம தாக்குப்பிடிச்சுது. அதோட பிள்ளைங்கதான் இத்தனையும். அந்த மொதப் பாசி இப்ப இல்ல. ஆனா அதோட கூடப்பொறந்த வம்சம் இன்னமும் தண்ணியில கெடக்கு. அது எது? எந்தப் பாசி இந்த ஆப்பிளுக்குச் சித்தி முறை ஆகுது? அவ்ளோதான் என் வேலை. செடிங்களுக்குச் சொந்தபந்தம் கண்டுபிடிக்குறது.

அதுக்கும் முன்னாடியா? அதுக்கும் முன்னாடி கண்ணுக்கே தெரியாத ஒத்த உயிரு. அதுக்கும் முன்னாடி என்னன்னு எனக்குத் தெரியாதுக்கா. முழுசாத் தெரியும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. நீங்க தாராளமா சிலுவை போட்டுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எங்க தெருப் பாதிரியார் ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுலதான் காபி குடிப்பார்.

சித்தி முறைக்கு ரெண்டு பேர் போட்டி. ஒண்ணு நம்ம ஓஹ்ரித் ஏரிக்கு அடியில வளருது. தண்டு இருக்கு, கிளை இருக்கு, பாத்தா குட்டிச் செடி மாதிரியே இருக்கும். இன்னொண்ணு ஊத்துத் தண்ணி சொட்டுற பாறையில இருக்குற வழவழான்னு நூல் நூலான பாசி. கால வச்சா வழுக்கி விடுமே, அது. சொல்லுங்க, பாத்தா எது ஆப்பிளுக்குச் சொந்தம் மாதிரி தெரியுது? தண்டு இருக்குறதுதானே? நானும் அப்பிடித்தான் சொன்னேன். எனக்குப் பேரும் புகழும் அதுலதான் வந்துச்சு. எந்த நாட்டுக்குப் போனாலும் ஏரிப்பாசி உபாவ்கா வந்துட்டாங்கம்பாங்க. போன மாசம் ரிட்டயர் ஆனப்ப கேக்குகூட அந்தப் பாசி மாதிரியே பண்ணி வச்சிருந்தாங்க. பச்சைக் கேக்கு. ஒரு வாய் எறங்கல எனக்கு.

ஏன்னா அது இல்லக்கா. சித்தி அது இல்ல. அந்த வழுக்குற சனியன்தான்.

யார் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா வெளிநாட்டுக்காரங்கன்னுதான் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே எங்கிட்ட படிச்ச ஒருத்தன் கண்டுபிடிச்சான். நௌம்னு பேரு, ரேசன்காரன். ஆப்பிள் தோட்டக்காரங்க வீட்டுப் பையன். பாசிய அவன் தொட்டு எடுக்குறதப் பாக்கணும், பொறந்த கொழந்தையத் தூக்குற மாதிரி இருக்கும். நாலு வருஷம் ஒழைச்சான். எரநூறு செடி, பாசியோட மரபணுவ ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு வம்ச மரம் போட்டான். காகிதத்த ஒட்டி ஒட்டி ஆய்வுக்கூடத்துத் தரை முழுக்க விரிச்சு வச்சுட்டு, மண்டி போட்டுக்கிட்டே, மேடம், இங்க பாருங்கன்னான். ஆப்பிள் பக்கத்துல, முட்டக்கோஸ் பக்கத்துல அந்த வழுக்குப் பாசி. என் ஏரிப்பாசி ரெண்டு கெளை தள்ளி ஓரமா நிக்குது.

நான் சிரிச்சேன். குப்பிய ஒழுங்காக் கழுவலையாடான்னு கேட்டேன். வேற ஏதோ இலைத் தூசி கலந்துருக்கு, அழுக்குன்னேன். அவன் திரும்பப் பண்ணான். அதேதான் வந்துச்சு. திரும்பவும் அழுக்குன்னேன்.

அவனுக்கு டாக்டர் பட்டம் குடுக்குறதப் பத்தி முடிவு பண்ற கமிட்டி ஆளுங்க அஞ்சு பேரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க. உபாவ்கா என்ன சொல்றாங்கன்னு. மே மாசம். ஜன்னல் தெறந்திருந்துச்சு, ஏரியில யாரோ மோட்டார் போட் ஓட்டிட்டுருந்தான். நான் எந்திரிச்சு, சாம்பிள் சுத்தமா இல்ல, இத ஏத்துக்க முடியாதுன்னேன். ஒத்த வரிதான். பட்டம் கெடையாதுன்னு அனுப்பிட்டாங்க. உதவித்தொகையும் நின்னுபோச்சு. அவன் ஒரு பையத் தூக்கிட்டு, இதோ இதே பஸ்ல ஊருக்குப் போயிட்டான். பதினாலு வருஷமா ஆப்பிளுக்கு மருந்தடிச்சிட்டு இருக்கான்.

தெரியாம பண்ணதுதானே, தப்பு எல்லாருக்கும் வர்றதுதானேன்னு சொல்றீங்க. நல்ல மனசுக்கா உங்களுக்கு. வெளிநாட்டுக் கட்டுரை வந்தப்ப எனக்கு போன் பண்ணவங்களும் அதத்தான் சொன்னாங்க. உபாவ்கா, நீ நேர்மையா சந்தேகப்பட்ட, அவ்ளோதானேன்னாங்க. நானும் ஆமா ஆமான்னேன்.

நான் தெரியாம பண்ணலக்கா.

அவன் ரெண்டாவது தடவ பண்ணிக் காட்டுன அந்தக் குளிர்காலத்துல, யாருக்கும் சொல்லாம, நானே பாறைக்குப் போனேன். அந்த வழுக்குப் பாசிய நானே எடுத்தேன், ஏழு தண்ணி ஊத்திக் கழுவுனேன். என்ன ஏதுன்னு சொல்லாம வெளியூர் ஆய்வுக்கூடம் ஒண்ணுக்கு அனுப்பி வச்சேன். பிப்ரவரியில பதில் வந்துச்சு. நௌம் சொன்னதேதான். ஒரு எழுத்து மாறல. அதுக்கப்புறம் மூணு மாசம் கழிச்சுதான் அந்தக் கமிட்டி. புரியுதா? நான் எந்திரிச்சு அழுக்குன்னு சொன்னப்ப, அது அழுக்கு இல்லன்னு ஒலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு அவன், ஒண்ணு நான்.

இன்னிக்கு அங்கேந்துதான் வர்றேன். அவன் தோட்டத்துலேந்து. ஏணி மேல நின்னு கெளை வெட்டிட்டுருந்தான். தலை நரைச்சுப்போச்சு அவனுக்கு. எறங்கி வா நௌம், பேசணும்னேன். எல்லாத்தயும் சொன்னேன். திட்டுவான்னு நெனச்சேன். திட்டுனா நல்லா இருந்திருக்கும். கத்தரிக்கோலத் தொடச்சுக்கிட்டே, உங்களுக்குப் பதில் வந்தது எந்த மாசம்னு கேட்டான். பிப்ரவரின்னேன். அப்பா அந்த வருஷம் டிசம்பர்லதான் மேடம் செத்தாரு, குப்பிய நல்லாக் கழுவிருக்கலாமேடான்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாருன்னான். அவ்ளோதான். குரல்கூட ஒசரல. திரும்ப ஏணியில ஏறிட்டான்.

எனக்கு எவ்ளோ ஆத்திரமா வந்துச்சு தெரியுமா? அவன் மேல இல்ல. இல்ல, அவன் மேலயும்தான். ஏண்டா எதுவும் கேக்கமாட்டேங்குறன்னு கீழ நின்னு கத்துறேன். பல்கலைக்கழகத்துக்கு எழுதுறேன், உன் பேரப் போடச் சொல்றேன், பட்டம் குடுக்கச் சொல்றேன்னு கத்துறேன். எழுதுங்க மேடம், அது உங்க இஷ்டம், எனக்கு ஒண்ணும் அனுப்ப வேணாம்னான். ரெண்டு கெளை வெட்டுனதுக்கப்புறம், அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, பெரிய எழுத்தா எழுதுங்க, அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னான்.

அதான். இப்ப அத எழுதணும். பல்கலைக்கழகத்துக்கு எழுதுறது பெரிய விஷயமில்ல, இன்னிக்கே முடிச்சிடுவேன். அந்தம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. மரபணுன்னா தெரியாது, வம்ச மரம்னா தெரியாது. எங்கேந்து ஆரம்பிக்குறது, எத எந்த வார்த்தையில சொல்றதுன்னு பஸ்ஸுக்கு நிக்குறப்பயே மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். அப்பதான் நீங்க வந்து பக்கத்துல ஒக்காந்தீங்க, முழங்காலப் பத்திக் கேட்டீங்க.

உங்களுக்கும் அவங்க வயசுதானேக்கா இருக்கும்?

உண்மையச் சொல்லுங்க. நான் சொன்னது புரிஞ்சுதா உங்களுக்கு? பாசி, சித்தி முறை, எல்லாம்? அந்தப் பையன் மேல தப்பு இல்லங்குறது, அது புரிஞ்சுதா?