கடைசி ஆளுக்குப் பின்னால்

சாயங்காலம் ஐந்தே முக்கால். மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஆள் நடமாட்டமே இல்லாத ஒற்றையடிப் பாதை. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்... முழங்கால் உயரப் புல், நடுநடுவே சேறு, அவ்வளவுதான். மரம் கிடையாது. வீடு கிடையாது. அந்த வழியில் என் கூட்டாளியின் அத்தான் தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தார்.

அந்தக் கதவை யாராவது சாத்துங்கள். காற்று வருகிறது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இது கூட்டாளி வாயாலேயே கேட்டது. அவனும் அன்றைக்கு அந்த மலையில்தான் இருந்தான்.

அத்தானுக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் இருட்டுக் குழி, இரும்புக் கயிறு, கிரீஸ். ஏழாவது நாள் மலையில் ஓட்டம். வேகமெல்லாம் ஒன்றும் கிடையாது. அதனாலேயே வருஷா வருஷம் நடக்கும் மலை ஓட்டத்தில் அவருக்கு ஒரே பதவி... கடைசி ஆள். ஓடுகிறவர்களுக்கு வழி தெரிவதற்காக நூறு அடிக்கு ஒரு ரிப்பனைப் புதரிலோ குச்சியிலோ கட்டியிருப்பார்கள். கடைசி ஆள் எல்லோருக்கும் பின்னால் வந்து, அதையெல்லாம் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின்னால் ஒரு ஈ, காக்கா இருக்கக் கூடாது. யார் பின்தங்கினாலும், அந்த ஆளை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அது அவர்களுடைய சட்டம்.

அந்த வருஷம் கூட்டாளியும் ஓடினான். அச்சகத்தில் உட்கார்ந்தே தொப்பை போட்டவன், என்ன வேகமோ தெரியவில்லை, பெயர் கொடுத்துவிட்டான். நம்பர் அறுபத்தொன்று. காலையில் கிளம்பும்போது அவன் அக்கா, தன் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன விட்டுட்டு நீங்க மட்டும் வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

"உன் தம்பி என்ன பூனைக்குட்டியா, தொலைஞ்சு போறதுக்கு?" என்று அத்தான் சிரித்தார்.

நாலரை மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. கொஞ்ச தூரத்துக்கு மேல் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. முன்னால் ஒரு சிவப்புச் சட்டை மங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. கூட்டாளியும் அன்றைக்குச் சிவப்புச் சட்டைதான். அது மச்சான்தான் என்று நினைத்து, அத்தான் ஒவ்வொரு ரிப்பனாக அவிழ்த்துக்கொண்டே வந்தார். நாற்பது ரிப்பன். ஐந்தே முக்காலுக்கு இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

பேசியது லிஸ்ட் அக்கா. பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஓட்டம் முடிகிற இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வந்து சேர்ந்தவர்களின் நம்பரைப் பேனாவால் அடிப்பது அவர் வேலை. பதினாலு வருஷமாக அதே நாற்காலி. பாதியில் விலகுகிறவர்கள் சொல்லாமல் போனால் கிழி கிழியென்று கிழித்துவிடுவார்.

"சிவப்புச் சட்டை வந்தாச்சு. அது வேற ஆளு. அறுபத்தொண்ணு எங்க?"

அத்தான் பையைத் திறந்து பார்த்தார். மச்சான் எங்கேயோ ஒதுங்கியிருக்கிறான். மூட்டத்தில் அவனைத் தாண்டி வந்துவிட்டார். அவன் திரும்பி வர இருந்த ஒரே அடையாளம், நாற்பது ரிப்பனும், இப்போது இவர் பையில்! தன் கையாலேயே அவிழ்த்தது.

அந்த மலையில் ஒரு பழைய சமாச்சாரம் உண்டு. அதற்குப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தபால்காரர்தான் கடைசி ஆள். இருபத்து நான்காம் நம்பரைக் காணவில்லை என்று தேடத் திரும்பிப் போனார். இருபத்து நான்கோ, கால் வலிக்கிறதென்று ரோட்டில் இறங்கி, யாரிடமும் சொல்லாமல், வந்த காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது. தபால்காரரை ஒன்பதாம் நாள்தான் பிணமாக எடுத்தார்கள். இருபத்து நான்கு யார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டார்கள்.

அத்தான் திரும்பி ஓடினார். விசில் ஊதினார். நின்றார். காது கொடுத்தார். மறுபடி ஊதினார்... அரை மணி நேரம். கடைசியில் ஒரு கற்சுவருக்குக் கீழே, சேற்றிலிருந்து ஈனக்குரல்.

"அத்தான்..."

"டேய்! உயிரோட இருக்கியாடா?"

"வயித்தக் கலக்குச்சு, ஒதுங்கினேன். திரும்பி வந்து பாத்தா ஒரு ரிப்பனக் கூடக் காணோம். கால் வேற மடங்கிடுச்சு."

 அத்தான் அவன் கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாக்கி டாக்கி செத்துவிட்டது. வெளிச்சமும் போய்விட்டது. இடது பக்கம் எங்கேயோ செங்குத்தான பள்ளம் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. குத்துமதிப்பாக நடந்தார்கள்.

அப்போதுதான் கேட்டது.

சரக்.

ஈர ரிப்பனின் முடிச்சு அவிழும் சத்தம். அத்தானுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். பின்னாலிருந்து வந்தது. ஆனால் ரிப்பன் எல்லாம் அவர் பையில்... பின்னால் அவிழ்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நூறு அடி நடந்தார்கள். சரக். ஒரு வாசனையும் வந்தது. நாக்கில் நனைத்த தபால்தலையின் பசை வாசனை.

"அத்தான், நமக்குப் பின்னால..."

"வாய மூடிட்டு நட. திரும்பினே, தொலைச்சிடுவேன்."

இன்னொரு நூறு அடி. சத்தம் இல்லை. வாசனையும் இல்லை. அத்தான் காலடியில் ஒரு கல் உருண்டது... விழுந்த சத்தம் வரவே இல்லை. அப்படியே உறைந்து நின்றார். மெதுவாக மச்சானை வலது பக்கம் இழுத்தார். பத்து அடி. இருபது அடி.

சரக்.

அத்தானுக்குப் புரிந்துவிட்டது. சரியான வழியில் போனால் கேட்கிறது. தப்பினால் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம், எந்தச் சத்தத்துக்கு உடம்பெல்லாம் நடுங்கியதோ, அதே சத்தம் மறுபடி கேட்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே நடந்தார்.

ஓட்டம் முடிகிற இடத்துக் கூடாரத்தின் வெளிச்சம் தெரிந்தது. மனைவி ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டாள், உடனே முதுகில் ஒன்று வைத்தாள். "பெரிய ஓட்டக்காரன்! நாளைக்கே ஓட்டக்காரனுக்குப் பொண்ணு பாக்கறேன், இரு." எல்லோரும் சிரித்தார்கள். லிஸ்ட் அக்கா அறுபத்தொன்றை அடித்தார். ஐந்து நிமிஷம், எல்லோரும் அடுப்பைச் சுற்றி டீ குடித்தார்கள். அத்தானும் லிஸ்ட் அக்காவும் மேசைக்குத் திரும்பியபோது தாள் நனைந்திருந்தது. பட்டியலுக்குக் கீழே, கவரில் விலாசம் எழுதுகிற மாதிரிச் சாய்ந்த எழுத்தில், நீல மையில் ஒரு வரி.

*இருபத்து நான்கு வந்தாச்சா?*

பசை வாசனை மூக்கில் ஏறியது. அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நான்தாங்க அது," என்றார். "கால் வலிச்சுது. கார் வந்துச்சு, ஏறிட்டேன். சொல்லணும்னு தோணவே இல்ல. அவரு இன்னும் என்னத்தான் தேடிக்கிட்டிருக்காரா?"

"அக்கா, எதுவும் எழுதாதீங்க. தாளக் கிழிச்சுப் போட்டுடலாம்," என்றார் அத்தான்.

அக்கா கேட்கவில்லை. தேம்பிக்கொண்டே 'வந்தாச்சு' என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அதற்கப்புறம் அந்த மலையில் அந்தச் சத்தம் கிடையாது. அத்தான் இரண்டு வருஷம் கடைசி ஆளாகப் போய்ப் பார்த்துவிட்டார். ஒன்றும் இல்லை.

போன மாதம் லிஸ்ட் அக்கா அவருக்கு போன் செய்தார். குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் சரியில்லை, ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்று. அத்தான் போனார். கயிறு, மோட்டார், கதவு, எல்லாம் பழுதில்லை. "நீங்க என்கூட ஒரு தடவ ஏறிப் பாருங்க," என்றார் அக்கா. ஏறினார்கள். முதல் மாடி தாண்டும்போது, தலைக்கு மேலே இல்லை, அடியில் இல்லை... அக்காவின் முதுகுக்குப் பின்னால்.

சரக்.

இரண்டாவது மாடி. சரக்.

"தினமும் இப்படித்தான்," என்றார் அக்கா. முகத்தில் ரத்தமே இல்லை.

அத்தான் தன்னால் ஆன தைரியம் சொன்னார். "பயப்படாதீங்கக்கா. வீட்டு வாசல் வரைக்கும்தான் அவரு வேலை. அதுக்கு மேல வரக் கூடாது. அதான் சட்டம்."

மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்தது. நடைபாதையில் அந்தச் சத்தமே இல்லை. அக்கா பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினார். தனியாக இருப்பவர், வீட்டில் வேறு யாரும் கிடையாது. கதவைத் தள்ளினார். உள்ளே கும்மிருட்டு.

அந்த இருட்டுக்குள்ளே, எங்கேயோ கடைசி அறையில்...

சரக்.