கத்துகிற பேரிங்

பொம்மிடியிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் போனில் மெக்கானிக்கிடம், "காருக்கு கிளட்ச் பிளேட்ட மட்டும் மாத்துப்பா. பேரிங் கத்துனா கத்தட்டும், அந்தச் சத்தம் எனக்கு வேணும்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

அந்த அம்மாள் போனைக் கையால் பொத்தினார். "ஏங்க, கியர் பாக்ஸ எறக்கித்தான கிளட்ச் மாத்தறாங்க? பேரிங்குக்குன்னு மறுபடியும் எறக்குவீங்களா?"

"மத்தியானம் நான் கண்ணசந்தா உன் தம்பி வண்டிய எடுக்கறான். கிளட்ச மிதிச்சதும் பேரிங் கத்துது. நான் ஓடிப்போயி, 'வா மச்சான், நானே ஓட்டறேன்'னு ஏறிக்கறேன். இந்த கிளட்ச தேய்ச்சதே அவன்தான்."

"சாவிய எடுத்து வெச்சிக்கறது?"

"மச்சானுக்குச் சாவிய மறைச்சா உங்கம்மா சும்மா இருக்குமா?"

அந்த அம்மாள் போனைப் பிடுங்கினார். "பேரிங்கையும் சேத்தே மாத்திடுங்கண்ணா. இவரு பேச்ச கேக்காதீங்க."

போன் திரும்பக் கைக்கு வந்ததும் கணவர் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, மாத்திடுப்பா. கூடவே, ரிவர்ஸ் எடுத்தா பாட்டு பாடுமே, அதையும் ஒண்ணு மாட்டிடு. எங்க வூட்டு வாசல்ல ரிவர்ஸ் எடுக்காம யாரும் வண்டிய வெளிய கொண்டுபோக முடியாது."