உயிரோடிருந்தவனுக்கு ஒரு நினைவுப் பதிப்பு

உட்கார்ந்து பேச எனக்கு வராது, ஐயா; கடைக்காரன் கால் அப்படி. நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

மேகத்தையும் குயிலையும் பாடுகிற பையன்களை லண்டனில் மற்ற பதிப்பாளர்கள் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். நான் ரொட்டியும் சூப்பும் போட்டு மாடியில் தங்கவைத்தேன். அவர்களில் ஆம்ப்ரோஸ் டில்லிதான் அசல் கவிஞன். அவன் முதல் புத்தகத்தை விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள். இருக்கிறவனிடம் அவர்கள் அப்படித்தான். செத்தவன் என்றால் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள்.

மார்ச்சில் அவன் இருமலில் ரத்தம் வந்தது. வைத்தியர் கைவிரித்துவிட்டார். துக்கம் என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். சும்மா இருக்க முடியாமல் அவன் கவிதைகளைத் திரட்டி, 'காலஞ்சென்ற ஆம்ப்ரோஸ் டில்லி' என்று கறுப்புக் கரையிட்டு அச்சுக்கு அனுப்பினேன். முன்னுரையை அழுதுகொண்டே எழுதினேன். சாகக் கிடக்கிறான் என்றதும் விமர்சகர்களே கண் கலங்கினார்கள்.

மே மாதம் அவன் எழுந்து உட்கார்ந்து ஆட்டுக்கறி கேட்டான்.

சந்தோஷம்தான். ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணமில்லாமல் படி ஏறினேன், இறங்கினேன். அச்சுக்கூடத்து ப்ரூட்டன் வேறு வந்து நின்றான்.

"என்னய்யா கிரிம்ஷா, உன் ஆளு போறானா இல்லையா? அவன் புத்தகத்துக்குக் கோத்த ஈய எழுத்தெல்லாம் அப்படியே கெடக்கு. வேற வேலைக்கு எழுத்துக்கு நான் எங்க போவேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டார் தேவாலயம் போயிருந்தார்கள். நான் மாடிக்குப் போனபோது அந்தப் புத்தகத்தின் அச்சுப்படி ஆம்ப்ரோஸ் கையில் இருந்தது. விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"நான் செத்தது எனக்கே தெரியாம போச்சே. பிரமாதமா அழுதிருக்கீங்க. ஒரு எடத்துல மட்டும் கமா விட்டுப்போச்சு, போட்டிருக்கேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதக் கிழிச்சுப் போடுங்க. கவிதை போதும். கென்ட்ல எங்க மாமாவுக்கு மாவு யாவாரம். கூப்பிடுறார், போறேன்" என்றான்.

அந்த வரிகளை எழுதிய கை மாவு மூட்டை தூக்கப்போகிறது. என்னால் தாங்க முடியவில்லை, ஐயா.

இருமலுக்கு அபின் சொட்டு மருந்து கொடுப்பது எப்போதும் நான்தான். அன்றும் கொடுத்தேன். புட்டியில் இருந்தது முழுவதையும் ஒயினில் கலந்தேன்.

"ரொம்பக் கசக்குதே."

"குடிச்சிடுப்பா. ஊருக்குப் போகத் தெம்பு வேணாமா?"

பிறகு அவன் கவிதையையே அவனுக்குப் படித்துக்காட்டினேன். அவன் மூச்சு விட்டுவிட்டு வந்தது; நான் நிறுத்தவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அவனுக்கும் இதில் சம்மதம்தான் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.